பொழுது சாயுமுன் ஒரு தட்டுப் பால்கோவா

(கழுகுமலை யாத்திரை சென்று திரும்பும் வழியில், கடையத்தில் தங்கிய குடும்பத்தினரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து புறப்பட்டு, கழுகுமலைப் பாறையில் வீற்றிருக்கும் தீர்த்தங்கரர் திருமேனிகளை வணங்கிவிட்டு, இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இக்கடையத்தில் கூடியிருக்கிறோம். பாரதியாரின் துணைவியார் செல்லம்மாள் பிறந்த ஊர் இது. பாரதியாரும் 1918 முதல் 1920 வரை இங்கே வாழ்ந்தார். நாம் வந்த பாதையும் இனிப்புக்குப் பெயர்பெற்ற பாதை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இல் அப்பெருமையை அடைந்தது. திருநெல்வேலி அல்வாவைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஒவ்வொரு கடைவாசலிலும் நம் பிள்ளைகள் கேட்ட வினா ஒன்றுதான்: "இதை நாம் சாப்பிடலாமா?" அவ்வினாவுக்கு விடை சொல்லத் தெரியாமல் நாம் திகைக்கும்போதுதான் விரதம் தளர்கிறது. பகவான் மகாவீரர் நிர்வாணம் எய்திய தீபாவளித் திருநாள் நெருங்கும் இவ்வேளையில், வீட்டிலேயே விரைவாகச் செய்யத்தக்க ஓர் இனிப்பைப் பற்றிப் பேசுமாறு அறக்கட்டளையார் பணித்தனர். மைக்ரோவேவ் என்று நாம் வழங்கும் நுண்ணலை அடுப்பில் சில நிமிடங்களில் செய்யும் பால்கோவாவையும், அதற்கு அயல்நாட்டு உறவான ஃபட்ஜையும் எடுத்துக்கொண்டேன். விரைவான சமையல் சோம்பலுக்குத் துணை என்று சிலர் எண்ணுவர். நம் போன்றோர்க்கு அது விரதத்துக்குத் துணை என்பதே நான் கூற விழைவது.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். தீபாவளிக் காலத்தில் இப்பகுதியில் கதிரவன் மாலை ஆறு மணிக்குச் சற்று முன் மறைகிறான். இரவுணவைத் துறந்தோர் மறைவதற்கு முன்னரே உண்டு முடிக்க வேண்டும். நெறியை நுணுகிக் காப்போர் மறைவுக்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், முன்னதாகவே முடித்துக்கொள்வர். அப்படியாயின் ஏறத்தாழ ஐந்து மணி பத்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பள்ளியிலிருந்து பிள்ளைகள் நாலரை மணிக்கு வருகிறார்கள். வேலைக்குச் செல்லும் தாயோ தந்தையோ அதே வேளையில்தான் வீடு திரும்புகின்றனர். இடையில் எஞ்சுவது 40 நிமிடம். உருளியில் பாலை ஊற்றி இரண்டு மணி நேரம் கிளறும் பழைய முறைக்கு அதில் இடமில்லை. ஆகவே ஒன்று, கடைப் பெட்டி திறக்கப்படுகிறது. அல்லது, விளக்கேற்றிய பின் இனிப்புச் செய்யப்படுகிறது. முதலாவதில் உள்ளே என்ன கலந்துள்ளது என்று தெரியாது. இரண்டாவதில் இரவுணவு விரதம் போகிறது.

விரைந்து சமைத்துப் பகலில் உண்பது நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நினைவுகூருங்கள். மதுரைப் புறஞ்சேரியில் மாதரி என்னும் ஆயர் முதுமகள், கோவலன் சாவக நோன்பு கொண்டவன் என்பதை அறிந்து, கண்ணகி பகலுணவு சமைப்பதற்கு ஏற்ற நல்ல பாத்திரங்களைக் காலந்தாழ்த்தாது கொடுங்கள் என்று தன் இல்லத்துப் பெண்களிடம் கூறுகிறாள். அவர்கள் காய்கனிகளோடும் அரிசியோடும் தங்கள் பால்படு பொருள்களையும் கொணர்ந்து தருகின்றனர். சமண நெறியைச் சாராத ஒரு மூதாட்டிக்கும் நம் விரதத்தின் தேவை இரண்டென்று தெரிந்திருந்தது: தூய கலம், தாமதமின்மை. இன்றைய சமையலறையிலும் அவ்விரண்டே தேவை.

இனிக் கடைப்பெட்டியை ஆராய்வோம். பொட்டலத்தின் மேல் பச்சைச் சதுரத்துள் பச்சை வட்டம் இருந்தால் சைவம் என்று மகிழ்கிறோம். அது பெரும் உதவிதான். இறைச்சி, முட்டை, எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் முதலியவை அதில் இரா. ஆனால் நம் நெறிக்கு அக்குறி முழு உறுதி தருவதில்லை. அசைவ உணவு எது என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் வரையறுக்கும்போது, பால், பாற்பொருள்கள், தேன், தேன்மெழுகு, கர்னோபா மெழுகு, அரக்கு ஆகியவற்றை அவ்வரையறையிலிருந்து விலக்கிவிடுகின்றன. ஆகவே தேன் கலந்த மிட்டாய்க்கும் பச்சைக் குறி உண்டு. மதுவையும் ஊனையும் துறப்பதோடு தேனையும் துறப்பதே இல்லறத்தாரின் முதற்படி என்று கற்ற நாம், பச்சைக் குறியை மட்டும் நம்பினால் அப்படியிலேயே வழுக்கிவிடுவோம். குழந்தைகள் விரும்பும் பளபளப்பான மிட்டாய்களின் மேற்பூச்சில் அரக்கு இருக்கலாம். அது அரக்குப் பூச்சியின் சுரப்பு. சேர்மானப் பட்டியலில் 904 என்ற எண் அரக்கையும், 901 என்ற எண் தேன்மெழுகையும் குறிக்கும். 903 என்பது கர்னோபா மெழுகு. பனை இனத்து இலையிலிருந்து கிடைப்பதால் அதில் ஐயம் வேண்டா.

வெள்ளித்தாள் ஒட்டிய இனிப்பையும் பாருங்கள். விலங்கின் குடல் அல்லது தோல் அடுக்குகளுக்கிடையே வெள்ளியை வைத்து அடித்து மெல்லிதாக்குவதே பழைய வழக்கம். அத்தாளைத் தயாரிப்பதில் எந்த நிலையிலும் விலங்குப்பொருள் பயன்படுத்தலாகாது என்று 2016-இல் விதி வந்தது. விதி வந்தது நன்றே. ஆயினும் உதிரியாக விற்கும் இனிப்பின் மேலுள்ள தாள் எங்கே அடிக்கப்பட்டது என்று வாங்குவோர் அறிய வழியில்லை. அயல்நாட்டிலிருந்து உறவினர் கொணரும் பெட்டிகளில் நம் நாட்டுக் குறியே இராது. அங்கே விரைவு ஃபட்ஜ் செய்வோர் மார்ஷ்மெல்லோ சேர்ப்பதுண்டு. அதன் மென்மைக்குக் காரணம் ஜெலட்டின். பசைபோல் புட்டியில் வருவதாயின் முட்டை வெண்கரு. அவ்வகைச் செய்முறையை அப்படியே பின்பற்றுதல் நமக்கு ஆகாது.

ஃபட்ஜ் என்பது யாதென்று சில பெரியோர் வினவக்கூடும். பால், சர்க்கரை, வெண்ணெய் மூன்றையும் காய்ச்சி, சர்க்கரை மிக நுண்ணிய மணிகளாக உறையுமாறு கிளறித் துண்டமிடும் இனிப்பு அது. நம் பால்கோவாவும் வடநாட்டுப் பேடாவும் அதன் நெருங்கிய உறவுகளே. அமெரிக்காவில் வாசர் என்னும் மகளிர் கல்லூரியில் பயின்ற எமிலின் ஹார்ட்ரிட்ஜ் என்ற மாணவி, 1886-இல் பால்டிமோர் நகரில் ஃபட்ஜ் பவுண்டு 40 சென்ட்டுக்கு விற்கப்பட்டதைக் கடிதத்தில் குறித்திருக்கிறார். 1888-இல் கல்லூரி ஏலத்துக்காக அவரே 30 பவுண்டு செய்தார். நுண்ணலை அடுப்பின் பிறப்பிலும் ஓர் இனிப்புக்குப் பங்குண்டு. 1945-இல் ரேதியான் நிறுவனத்தில் ராடார் கருவிக்கான மேக்னட்ரான் குழாயின் அருகே நின்றிருந்த பெர்சி ஸ்பென்சர் என்பவரின் சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகிற்று. அதிலிருந்து எழுந்த ஆராய்ச்சியே 1947-இல் ஆளுயர அடுப்பாக விற்பனைக்கு வந்து, பின்னர் சுருங்கி நம் மேடைமேல் அமர்ந்தது.

அவ்வடுப்பில் தழல் இல்லை. நொடிக்கு 245 கோடி முறை திசைமாறும் மின்காந்த அலைகள் உணவிலுள்ள நீர்மூலக்கூறுகளை அலைக்கழிக்க, அவ்வலைவே வெப்பமாகிறது. மின்சாரமும் தேயுகாயிக உயிரே என்று கொள்வோர் நம் சமயத்தில் உண்டு. அல்ல என்போரும் உண்டு. அவ்வாதத்தை ஆசாரியர்களிடம் விட்டுவிடுவோம். ஐயமற்ற ஒரு நன்மையை மட்டும் கூறுகிறேன். ஐப்பசி மழையில், மலையடிவாரத்து மாலைகளில், ஈசலும் சிறு பூச்சிகளும் ஒளியை நாடி வரும். திறந்த உருளியில் கொதிக்கும் பாலில் அவை வீழ்ந்து மடிவதை நாம் கண்டிருக்கிறோம். கதவு மூடிய அடுப்பினுள் அவை புகா. உயிர்க்கொலை தவிர்ப்போர்க்கு அது சிறிய ஆதாயமன்று.

இனி, விரைவின் மறைபொருளைச் சொல்ல வேண்டும். பசும்பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பங்கு நீர். அரை லிட்டர் பாலைக் கோவாவாகச் சுண்டவைக்க 400 கிராம் அளவு நீரை ஆவியாக்க வேண்டும். 800 வாட் ஆற்றலுள்ள நுண்ணலை அடுப்பு ஓயாது இயங்கினாலும் அதற்கு 20 நிமிடத்துக்கு மேலாகும். பொங்கி வழியாதிருக்க இடையிடையே நிறுத்தினால் அரைமணியும் தாண்டும். ஆகவே அடுப்பு மட்டும் விரைவைத் தருவதில்லை. நீரைப் போக்கும் வேலையை வேறொருவர் முன்னரே முடித்து, பால்பவுடராகவும் கண்டென்ஸ்டு மில்க் டின்னாகவும் தந்திருப்பதால்தான் ஆறு நிமிடத்தில் பால்கோவா வருகிறது. நாம் செய்யாத வேலையை எவரோ செய்திருக்கிறார் எனின், அவர் செய்ததைப் படித்தறிவது நம் கடமை. கடை இனிப்பில் பதினைந்து சேர்மானங்களை ஆராய வேண்டும். இங்கே இரண்டே பொருள். கண்டென்ஸ்டு மில்க்கில் பாலும் சர்க்கரையும் இருத்தல் போதும். பால்பவுடரில் பால் மட்டும் இருத்தல் வேண்டும். தேநீருக்கென விற்கும் டெய்ரி ஒயிட்னரில் சர்க்கரையும் கலந்திருக்கும், அது இதற்குப் பொருந்தாது.

இனிச் செய்முறை. 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க், 200 கிராம் பால்பவுடர், 50 கிராம் நெய், நான்கு ஏலக்காயின் பொடி. கலவையின் அளவைப்போல் நான்கு மடங்கு கொள்ளளவுள்ள கண்ணாடிக் கிண்ணம் வேண்டும். வெப்பம் தாங்கும் போரோசில் வகைக் கண்ணாடியாக இருத்தல் நன்று. உலோகப் பாத்திரமும் வெள்ளித்தாளும் பொறி பறக்கச் செய்யும்; அவற்றை உள்ளே வைத்தல் கூடாது. நெய்யை அரை நிமிடம் உருக்கி, பால்பவுடரைச் சலித்துச் சேர்த்து, பாலை ஊற்றிக் கட்டியின்றிக் கலக்குக. முழு ஆற்றலில் இரண்டு நிமிடம் வைத்து வெளியே எடுத்து நன்றாகக் கிளறுக. பின்னர் ஒவ்வொரு நிமிடமாக நான்கு முறை. ஒவ்வொரு முறையும் எடுத்துக் கிளறுதல் இன்றியமையாதது. நுண்ணலை எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் படுவதில்லை; கிளறாவிடில் ஓரிடம் தீய்ந்து ஓரிடம் பச்சையாக நிற்கும். கலவை ஓரங்களை விட்டு ஒன்றாகத் திரண்டு, கரண்டியிலிருந்து மெல்ல விழும் பதமே பதம். அதிகம் விட்டால் ஆறியபின் கல்லாகும். ஏலப்பொடி தூவி, நெய் தடவிய தட்டில் பரப்புக. கால்மணி நேரம் ஆறியபின் வில்லையிட்டால் 30 துண்டுகள் வரும். ஒவ்வொன்றும் சுமார் 20 கிராம். தொடக்கம் முதல் துண்டமிடும் வரை அரைமணிக்குள் அடங்கும். அந்த 40 நிமிடத்துக்குள் பிள்ளைகள் உண்ணவும் நேரம் எஞ்சும்.

பிள்ளைகள் சாக்லேட் வேண்டும் என்பர். 200 கிராம் கண்டென்ஸ்டு மில்க்குக்கு 250 கிராம் கருஞ்சாக்லேட்டை நறுக்கிச் சேர்த்து, ஒரு கரண்டி வெண்ணெய் இட்டு, பாதி ஆற்றலில் ஒரு நிமிடம் வைத்துக் கிளறுக. பின் அரைநிமிடம் அரைநிமிடமாக, கட்டிகள் உருகும் வரை. சாக்லேட் முழு ஆற்றலில் கருகிக் கட்டிபிடிக்கும் இயல்புடையது. இதற்கு இரண்டு மணி நேரம் உறைநேரம் வேண்டும். ஆதலால் காலையில் செய்தல் பொருந்தும். சாக்லேட்டின் சேர்மானத்தில் முன் கூறிய எண்கள் இல்லையென்று பார்த்துக்கொள்க. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அனுப்புவதற்கும் இது ஏற்றது. அறைத்தோழர்கள் பங்கு கேட்கும்போது, "எங்கள் வீட்டில் செய்தது" என்று அப்பிள்ளை தலைநிமிர்ந்து தருவான்.

நாளுக்கொரு ரசமாகப் பால், தயிர், நெய், எண்ணெய், சர்க்கரை, உப்பு என்று துறப்போர் நம் குடும்பங்களில் உண்டு. பாலையும் நெய்யையும் விட்ட நாளில் தேங்காய் இருக்கிறது. கடையத்தைச் சுற்றிலும் தென்னைக்குப் பஞ்சமில்லை. இரண்டு கோப்பைத் தேங்காய்த் துருவலும் ஒரு கோப்பைச் சர்க்கரையும் கலந்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கிளறி, ஆறு அல்லது ஏழு நிமிடம் வைத்தால் திரண்டு வரும். பட்டர் பேப்பர் விரித்த தட்டில் தட்டி வில்லையிடுக. கருப்பட்டி சேர்க்க விரும்புவோர் அதைக் கரைத்து, துணியில் வடிகட்டி, பாகு காய்ச்சிய பின்னரே சேர்க்க வேண்டும். எறும்பும் தூசும் அதில் அகப்பட்டிருக்கும். சர்க்கரையை விட்ட நாளில் இனிப்பைத் தேட வேண்டா. ஒரு வாழைப்பழம் போதும்.

எச்சரிக்கை இரண்டு. கொதிக்கும் சர்க்கரைக் கலவை தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். கிண்ணத்தைக் கனத்த துணியால் பிடித்து எடுக்க வேண்டும், சிறுவர் எட்டி நிற்க வேண்டும். டின்னை அப்படியே அடுப்பினுள் வைத்தல் ஒருபோதும் கூடாது. உடல்நலத்தையும் கருதுவோம். இனிப்பு வீட்டில் செய்ததாலேயே அது சர்க்கரை இல்லாததாகிவிடாது. நீரிழிவுள்ளோர் மருத்துவர் சொல்லை மீற வேண்டா. ஏனையோர்க்கும் ஒருவர்க்கு ஒரு துண்டு, மிகினும் இரண்டு என்று முன்னரே வரையறுத்துக்கொள்வது நல்லது. நுகர்பொருளுக்கு அளவு வைத்துக்கொள்வதும் நம் விரதங்களுள் ஒன்றுதானே.

மூத்தோர் ஒரு மறுப்பைக் கூறக்கூடும்; கூறுவது நியாயமே. டின்னில் அடைத்த பால் எப்போது கறந்தது, எப்படிக் காய்ச்சியது என்று அறியோமே, அது எவ்வாறு தூயதாகும் என்பர். துறவியர்க்கு ஆகாரதானம் செய்யும் அடுக்களையில் நாள்பட்ட டின் பொருளுக்கு இடமில்லை; அங்கு இம்முறையை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ஆலயத்தில் நிர்வாண இலட்டு நிவேதிக்கும் முறையும் அந்தந்த ஆலய வழக்கப்படியே நடக்கட்டும். வீட்டில் கறவை வைத்திருப்போர், தெரிந்த இடத்துப் பாலை உடனே வடிகட்டிக் காய்ச்சி, காலையில் நேரமிருக்கும்போது அடுப்பில் கோவா கிளறுவாராயின் அதுவே தலைசிறந்தது. நான் பேசுவது அவ்வாய்ப்பில்லாத வீடுகளைப் பற்றி. சென்னையிலும் பெங்களூரிலும் இரண்டு அறைக் குடியிருப்பில், இருவரும் வேலைக்குச் சென்று திரும்பும் இளங்குடும்பத்தின் முன் உள்ளவை கறந்த பாலும் டின் பாலும் அல்ல; டின் பாலும் பெயர் தெரியாத கடைப் பெட்டியுமே. அவற்றுள் குறைந்த குற்றமுடையது எதுவென்று தெரிந்தெடுப்பதே இல்லறத்தாரின் அணுவிரதம். துறவோர் முற்றும் துறப்பர். நாம் இயன்ற அளவில் படிப்படியாக ஏறுகிறோம். ஏற முடியாத உயரத்தில் முதற்படியை வைத்தால் இளையோர் படிக்கட்டையே விட்டுவிடுவர்.

கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியார் என்னும் பெண் ஆசிரியர்களின் பெயர்களைக் கண்டோம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக அப்பெயர்கள் பாறையில் நிற்கின்றன. அம்மலையில் பெண்கள் கற்பித்தனர். நம் வீடுகளில் அக்கல்வி பெரும்பாலும் அடுக்களையில்தான் நடக்கிறது. இனி அதைத் தாய்மார் மட்டும் சுமக்க வேண்டா. ஆறு நிமிடக் கிளறலைத் தந்தையும் செய்யலாம், மகனும் செய்யலாம். பால்பவுடர்ப் பொட்டலத்தின் சேர்மானத்தைப் பிள்ளையே உரக்கப் படிக்கட்டும். எதை விலக்குகிறோம், ஏன் விலக்குகிறோம் என்று அவ்வேளையில் சொல்லுங்கள், "சாப்பிடலாமா?" என்ற வினாவுக்குத் தானே விடை காணக் கற்றுக்கொள்ளும்.

வரும் நிர்வாணத் திருநாளுக்கு முந்தைய மாலையில், ஐந்து மணிக்குள், உங்கள் இல்லத்தில் ஒரு தட்டுப் பால்கோவா ஆறியிருக்கட்டும். அடுத்த வீட்டாருக்கு, அவர் எச்சமயத்தவராயினும், நான்கு துண்டு கொடுத்தனுப்புங்கள். பின்னர் விளக்கேற்றுங்கள்.

அறம் வளர்க. ஜெய் ஜினேந்திரா.